இப்போதே பெயர் வைக்காதீர்கள்

பிரித்தானியாவில் ஹெலபோர் வளர்க்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நமக்கெல்லாம் ஒரே வேலைதான். தொட்டிகளுக்கு முன்னால் குனிந்து, தொங்கும் பூவை ஒரு விரலால் நிமிர்த்தி உள்ளே பார்க்கிறோம். விதை முளைத்து இரண்டு மூன்று வருடம் காத்திருந்து பார்க்கும் முதல் பூ. அதில் ஒன்று கொஞ்சம் வித்தியாசமாக இருந்துவிட்டால் அன்று மாலைக்குள் அதற்கு ஒரு பெயர் வந்துவிடுகிறது. மகளின் பெயர், பாட்டியின் பெயர், குடியிருக்கும் தெருவின் பெயர். அடுத்த கோடையில் அதன் விதையும் அதே பெயரோடு உறைக்குள் போய், வசந்தத்தில் நண்பர்கள் வீட்டுக்குப் புறப்படுகிறது.

இந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். புது ரகம் உண்டாக்கும் ஆசை எனக்கும் உண்டு, அதை யாரும் கைவிட வேண்டாம். ஆனால் ஒரு நல்ல ஹெலபோர் ஒரு தொட்டியில் ஒரு நாளில் பிறப்பதில்லை. இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒரே நோக்கத்தோடு சேர்த்து, கழித்து, மறுபடி சேர்த்து வருகிறவர்களுக்குத்தான் அது வசப்படுகிறது. முதல் பூவிலேயே பெயர் வைப்பவர் அந்தப் பாதையின் முதல் அடியில் உட்கார்ந்துவிடுகிறார்.

புதிதாகத் தொடங்கியவர்களுக்காக இந்தச் செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நர்சரிகளில் லென்டன் ரோஸ் என்று விற்றாலும் இதற்கும் ரோஜாவுக்கும் உறவில்லை. பட்டர்கப் பூவின் குடும்பமான ரனன்குலேசியைச் சேர்ந்தது. பேரினத்தில் ஏறக்குறைய இருபது சிற்றினங்கள். பெரும்பாலானவை பால்கன் மலைப்பகுதியில் வளர்பவை. நம் தோட்டங்களில் நிற்பது அவற்றில் பல கலந்த கலப்பினம். துருக்கியிலும் காகசஸிலும் வளரும் ஓரியன்டாலிஸ் பெரிய பூவைக் கொடுத்தது. அதன் துணையினமான குட்டாட்டஸ் புள்ளிகளைக் கொடுத்தது. டார்குவாட்டஸிலிருந்து கருநீலமும் கருஞ்சிவப்பும் வந்தன. பசுமஞ்சள் பூக்கும் ஓடோரஸ் போன்றவற்றிலிருந்து மஞ்சள் வந்தது. இத்தனை ரத்தம் கலந்த செடியின் விதையில் எது வேண்டுமானாலும் வெளியே வரும். ஆகவே வித்தியாசமான பூ கிடைப்பது அதிசயமே இல்லை. வித்தியாசமில்லாத இரண்டு பூ கிடைத்தால்தான் அதிசயம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நாம் இதழ் என்று ரசிப்பது உண்மையில் புல்லி இதழ். அதனால்தான் பூ வாரக்கணக்கில் வாடாமல் நிற்கிறது, காய் பிடித்த பிறகும் பசுமையேறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையான அல்லி இதழ்கள் உள்ளே ஒரு வளையமாக நிற்கும் குட்டிக் கிண்ணங்கள். அவற்றில்தான் தேன் இருக்கிறது. அந்தக் கிண்ணங்கள் விரிந்து தட்டை இதழ்களாக மாறினால் அதுவே அடுக்குப் பூ. பாதி மாறி, நடுவில் ஒரு சின்னக் குஞ்சம்போல நின்றுவிட்டால் அனிமோன் வகை. பின்னால் சொல்லப் போகும் கணக்குக்கு இந்தக் கிண்ணம்தான் ஆதாரம்.

அடுக்குப் பூவின் கதையே என் வேண்டுகோளுக்குப் போதுமான சான்று. கென்ட் மாவட்டத்தில் வாஷ்ஃபீல்டு நர்சரியை நடத்திய எலிசபெத் ஸ்ட்ராங்மன் 1971-ல், அப்போது யூகோஸ்லாவியாவில் இருந்த மான்டெநெக்ரோவின் மலைச்சரிவில், காட்டில் தானாக வளர்ந்த இரண்டு அடுக்கு டார்குவாட்டஸ் செடிகளைக் கண்டார். அவற்றுக்கு டைடோ, ஏனியாஸ் என்று பெயர் வைத்தார். பூக்கள் சிறியவை, பச்சையும் பழுப்பும் மங்கிய ஊதாவும் கலந்தவை. கடையில் இன்று அவற்றை வைத்தால் பலர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அவர் அந்த இரண்டு செடிகளோடு நின்றிருந்தால் இரண்டு பெயர்கள் மிஞ்சியிருக்கும், அவ்வளவுதான். அவர் அவற்றைப் பெற்றோராக்கினார். பெரிய பூவும் தெளிந்த நிறமும் உள்ள ஒற்றைப் பூச்செடிகளோடு சேர்த்தார். சேர்த்தவற்றைத் தமக்குள் மறுபடி சேர்த்தார். ஹாம்ப்ஷயரில் பிளாக்தார்ன் நர்சரி நடத்திய ராபின் ஒயிட்டும் டார்குவாட்டஸின் அடுக்குப் பண்பை வைத்து வேலைசெய்து பார்ட்டி டிரஸ் வரிசையைக் கொண்டுவந்தார். இன்று நம் கையில் இருக்கும் பெரிய வெள்ளை அடுக்கும் ரோஜா நிற அடுக்கும் புள்ளி அடுக்கும் இப்படிப் பலர் தலைமுறை தலைமுறையாகச் செய்த சேர்க்கையின் பலன்.

மால்வர்ன் குன்றுகளுக்கு அருகே மேத்தன் என்ற ஊரில் இருந்த ஹெலன் பாலர்டின் அனுபவம் வேறு விதமானது. மிக்கேல்மஸ் டெய்சியைச் சீராக்கிப் புகழ்பெற்ற எர்னஸ்ட் பாலர்டின் மருமகள் அவர். வட்டமான பூ, கலங்காத நிறம், நல்ல மஞ்சள், நீலம் ஓடிய கருமை என்று தெளிவான இலக்குகளோடு உழைத்தார். மிகச் சிறந்த செடிகளுக்குத் தனிப் பெயர் கொடுத்தார். அந்தப் பெயர் ஒரு செடிக்கும் அதன் வேரைப் பிரித்து எடுத்த துண்டுகளுக்கும் மட்டுமே உரியது. ஹெலபோரோ பிரித்து நட்டால் தேறி வருவதற்கே ஒன்றிரண்டு வருடம் எடுக்கும். கேட்டவர்கள் ஆயிரம், பிரிக்கக் கிடைத்த துண்டுகள் சில. அந்த இடைவெளியில் விதைக்கன்றுகள் புகுந்துகொள்கின்றன. புகழ்பெற்ற செடியின் அடியில் முளைத்த நாற்று, தாயின் பெயரோடு கைமாறிக் கைமாறிப் போகிறது. கொஞ்சக் காலத்தில் ஒரே பெயரில் பத்து வெவ்வேறு பூக்கள். அசல் எது என்று சொல்ல ஆள் இல்லை.

நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இமாம்பசந்து மாங்கொட்டையை ஊன்றி முளைத்த மரத்தை யாரும் இமாம்பசந்து என்று விற்கமாட்டார்கள், ஒட்டுக்கன்றுதான் கேட்போம். ஹெலபோர் விதையும் அப்படித்தான். உறைமேல் தாயின் பெயரை எழுதி விதையைக் கொடுப்பது வாங்குபவரை ஏமாற்றுவது; அதைவிட, அந்தப் பெயருக்காகப் பல வருடம் உழைத்தவருக்குச் செய்யும் அநியாயம். பொறுப்புள்ள நர்சரிகள் விதையில் வரும் செடிகளை ஒரு குழுவாகத்தான் பெயரிடுகின்றன. ஆஷ்வுட் கார்டன் ஹைபிரிட்ஸ் என்றால் அது ஒரு வம்சத்தின் பெயர், அதற்குள் நிறம் பல. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் மரியட்டா ஓ'பர்ன் வளர்த்தெடுத்த வின்டர் ஜூவல்ஸும் அதே மாதிரிதான்.

சரி, பெயரை ஒத்திவைத்துவிட்டு என்ன செய்வது? முதலில் ஒரே ஒரு நோக்கத்தை எழுதி வையுங்கள். "அழகான பூ" என்பது நோக்கம் ஆகாது. "பக்கவாட்டில் பார்க்கும் மஞ்சள் அடுக்கு, நல்ல தண்டு, புள்ளிநோய் பிடிக்காத இலை" என்பது நோக்கம். இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஒரு நல்ல மஞ்சள் ஒற்றை, ஒரு நல்ல வெள்ளை அடுக்கு, இவை இரண்டும் கையில் வேண்டும். இந்த இரண்டை வாங்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். பூத்திருக்கும் நாளில் நர்சரிக்கு நேரில் போய், பூவை நிமிர்த்திப் பார்த்து வாங்குங்கள். படத்தைப் பார்த்து வாங்கும் செடி பெற்றோராக லாயக்கா என்று படம் சொல்லாது.

சேர்க்கை செய்யும் விதத்தை விரிவாகச் சொல்கிறேன், பலர் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள். ஹெலபோரில் பெண்பாகம் முந்திக்கொள்ளும். மகரந்தப்பைகள் வெடிப்பதற்குப் பல நாள் முன்பே, மொட்டு விரியும் தருவாயிலேயே, சூல்முடி மகரந்தத்தை ஏற்கத் தயாராகிவிடும். எனவே விரிந்த பூவைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் ஏற்கெனவே தாமதம். பிப்ரவரி வெயில் கொஞ்சம் அடித்தாலே விழித்துக்கொள்ளும் ராணி பம்பிள்தேனீ உங்களுக்கு முன்னால் வந்து போயிருக்கும். நாளை விரியும் என்று தோன்றும் பருத்த மொட்டைப் பிடியுங்கள். புல்லி இதழ்களை மெதுவாக விலக்கினால் வெளிறிய பச்சை மகரந்தப்பைகள் இறுக்கமாக அடுக்கியிருக்கும், நடுவிலிருந்து நான்கைந்து மெல்லிய தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்டுகளின் நுனிதான் உங்கள் குறி. சின்ன இடுக்கியால் மகரந்தத்தாள்களை வெளிவரிசையிலிருந்து ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிடுங்கள். இந்தச் செடி தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய்க்கும் என்பதால் இதில் சோம்பல் கூடாது.

பிறகு தந்தைச் செடியிலிருந்து, அப்போதுதான் வெடித்து மஞ்சள் தூள் தெரியும் ஒரு மகரந்தத்தாளை இடுக்கியில் பிடித்து, அதையே தூரிகையாக்கி ஒவ்வொரு நுனியிலும் தடவுங்கள். ஒவ்வொரு நுனிக்கும் கீழே ஒரு தனிக் காய் இருக்கிறது. ஒன்றை விட்டால் ஒரு காய் போச்சு. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் இன்னொரு முறை தடவுவது நல்லது. தந்தையும் தாயும் ஒரே வாரத்தில் பூக்காவிட்டால், மகரந்தப்பைகளைக் காகிதத்தில் உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் தாங்கும். முடிந்ததும் காம்பில் நிற நூல் ஒன்றைக் கட்டுங்கள். எந்த நிறம் எந்தத் தந்தை என்று அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். மே மாதம் வரும்போது எல்லாப் பூவும் பச்சையாகிப் போயிருக்கும்; நூலும் நோட்டும் இல்லாவிட்டால் நீங்கள் செய்த வேலைக்குத் தடயமே இருக்காது.

மே கடைசியிலும் ஜூனிலும் காய் வெடிக்கும். ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் கருத்த, பளபளப்பான விதைகள் மண்ணில் சிதறிவிடும். விதையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ச் சதைக்காக எறும்புகள் அவற்றை இழுத்துக்கொண்டு போய்விடும். காய் பழுக்கத் தொடங்கியதுமே மெல்லிய துணிப்பையால் கட்டிவிடுங்கள். விதையைச் சுத்தம் செய்யும்போது கையுறை அவசியம். செடி முழுவதும் நஞ்சு, சாறு பட்டால் தோல் எரியும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் விதைகளைச் சமையல் மேடையில் காயவைக்கவே வேண்டாம்.

கிடைத்த விதையை உடனே விதையுங்கள். உதிரும்போது விதைக்குள் கரு முழுதாக வளர்ந்திருக்காது. கோடையின் வெதுவெதுப்பில் ஈரமாகக் கிடந்து கரு வளர வேண்டும், பிறகு குளிர் பட வேண்டும், அதன் பிறகுதான் முளை. ஜூனில் விதைத்தால் அடுத்த ஜனவரி, பிப்ரவரியில் முளைத்துவிடும். உறையில் காயவைத்து இலையுதிர்காலத்தில் விதைத்தால் விதை ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய், ஒரு வருடம் கூடுதலாகக் காக்க வைக்கும். சில முளைக்காமலே போகும். வசந்தத்தில் விதை பரிமாறிக்கொள்ளும் நம் வழக்கம் இந்தச் செடிக்கு ஒத்துவராது. ஹெலபோரை மட்டும் ஜூனிலேயே அனுப்பிவிடுங்கள்.

இனிக் கணக்கு. மஞ்சள் ஒற்றையும் வெள்ளை அடுக்கும் சேர்ந்த முதல் தலைமுறையில் கிட்டத்தட்ட எல்லாமே ஒற்றைப் பூதான். அடுக்கு ஒடுங்கு பண்பு. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். இந்த இடத்தில்தான் ஏராளமானோர் மனமுடைந்து கன்றுகளை யாருக்கோ கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்துவிடாதீர்கள். அந்த மங்கலான ஒற்றைகள் ஒவ்வொன்றும் அடுக்கை உள்ளே சுமக்கின்றன. அவற்றில் தண்டும் இலையும் நிறமும் தேறியவை இரண்டைத் தேர்ந்து தங்களுக்குள் சேருங்கள். அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்று அடுக்காக வரும். மஞ்சளும் அதேபோல் ஒற்றை மரபணுவின் ஒடுங்கு பண்பாக இருந்தால், மஞ்சள் அடுக்கு பதினாறில் ஒன்று. உண்மையில் நிறம் அவ்வளவு எளிதல்ல. பல மரபணுக்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன, ஊதா நிறமி கொஞ்சம் இருந்தாலும் மஞ்சளை அழுக்காக்கிவிடும். ஆகவே பதினாறு கன்று போதாது, நூறாவது வேண்டும். அந்த நூறில் ஐந்தாறு மஞ்சள் அடுக்கு வந்தால், அவற்றில் ஒன்றாவது நல்ல செடியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு தலைமுறைக்கு மூன்று நான்கு வருடம் என்றால் இரண்டு தலைமுறைக்கு ஆறு முதல் எட்டு வருடம். சிறிய தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரே நேரத்தில் ஐந்து நோக்கங்களைத் துரத்தினால் எதுவும் முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

நூறு கன்றில் தொண்ணூற்றைந்தைக் கழிக்க மனம் வேண்டும். எனக்கு இந்த வேலையில் மிகக் கடினமானது இதுதான், மிக முக்கியமானதும் இதுதான். பூவை மட்டும் பார்த்துக் கழிக்காதீர்கள். நாலு அடி தள்ளி நின்று செடியைப் பாருங்கள். தண்டு மழையில் சாய்ந்து பூ சேற்றில் கிடக்கிறதா? இலை பூவை மூடுகிறதா? பழைய இலைகளில் பழுப்பு வட்டம் வட்டமாகப் புள்ளிநோய் மற்ற செடிகளைவிட அதிகமா? அடுக்குப் பூ கனத்தால் நேர்கீழாகத் தொங்குகிறதா, கொஞ்சமாவது நம்மைப் பார்க்கிறதா? முதல் பூவை வைத்துத் தீர்ப்புச் சொல்லவே கூடாது. முதல் வருடம் பூ சிறியதாக, இதழ் ஒழுங்கற்று வரலாம். குளிரில் விரிந்த பூவும் இதமான நாளில் விரிந்த பூவும் நிறத்தில் வேறுபடும். மூன்று பருவம் தரையில் நட்டுப் பார்த்த பிறகு பேசலாம். தொட்டியில் ராஜாவாக நின்ற செடி, இங்கிலாந்தின் களிமண்ணில் ஒரு மழைக்காலத்துக்குப் பின் சுருங்கிப் போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சிற்றினங்களுக்கு இடையே சேர்க்கை செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸ் ரோஸ் எனப்படும் நைகரை நம் தோட்டக் கலப்பினத்தோடு சேர்ப்பது நடக்காது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பிறகு வால்பர்டன் என்ற ஊரில் டேவிட் டிரிஸ்ட்ரம் அந்தச் சேர்க்கையில் வால்பர்டன்ஸ் ரோஸ்மேரியைக் கொண்டுவந்தார். ஆஷ்வுட் நர்சரியில் கெவின் பெல்ச்சர் சீனாவின் திபெட்டானஸை நைகரோடு சேர்த்து பிங்க் ஐஸையும், துருக்கியின் வெசிகேரியஸை நைகரோடு சேர்த்து பிரையர் ரோஸையும் தந்தார். டெவனில் ராட்னி டேவி இலையிலேயே பளிங்குக் கோலம் போட்ட ஆனாஸ் ரெட், பென்னீஸ் பிங்க் போன்றவற்றை உருவாக்கினார்; தோட்ட எழுத்தாளர்கள் ஆனா பவர்டு, பெனிலபி ஹாப்ஹவுஸ் ஆகியோரைச் சிறப்பிக்க வைத்த பெயர்கள் அவை. இத்தகைய தூரத்துச் சேர்க்கைகள் பெரும்பாலும் மலடு, விதை கட்டாது. வேரைப் பிரித்தோ திசு வளர்ப்புக் கூடத்திலோதான் பெருக்க முடியும். வீட்டில் செய்து பாருங்கள், மகிழ்ச்சியான வேலை. கிடைத்தால் அந்த ஒரே செடியின் தலைமுறை அதோடு முடிகிறது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

செடி பரிமாறிக்கொள்ளும் நமக்கு ஓர் எச்சரிக்கை கட்டாயம் தேவை. புது இலையிலும் காம்பிலும் நரம்பை ஒட்டிக் கருங்கோடுகள் ஓடி, குருத்து கோணலாக வந்தால் அது "பிளாக் டெத்" ஆக இருக்கலாம். அந்நோயோடு ஹெலபோரஸ் நெட் நெக்ரோசிஸ் வைரஸ் தொடர்புபடுத்தப்படுகிறது. அசுவினி அதைப் பரப்புவதாகக் கருதப்படுகிறது. மருந்து இல்லை. அது எவ்வளவு அரிய செடியானாலும், பத்து வருட உழைப்பின் கடைசி மிச்சமானாலும், வேரோடு பிடுங்கி அழித்துவிடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். சந்தேகம் உள்ள செடியிலிருந்து வேர்த்துண்டு ஒன்றும் தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் பழைய இலைகளை வெட்டி அகற்றினால் புள்ளிநோய் குறையும், பூவும் வெளியே தெரியும், அசுவினியையும் கண்ணால் பார்க்க முடியும்.

இவ்வளவுக்கும் பிறகு உண்மையிலேயே பெயருக்குத் தகுதியான செடி ஒன்று உங்களிடம் நிற்கலாம். அப்போது அதை விதையால் அல்ல, வேரைப் பிரித்து மட்டுமே பெருக்குங்கள். பயிர்ரகப் பெயர்களுக்கான பன்னாட்டு விதிப்படி, 1959 முதல் வைக்கும் ரகப் பெயர் லத்தீனில் இருக்கக் கூடாது. வேறு எந்த மொழியிலும் இருக்கலாம். அதே பெயர் வேறு ஹெலபோருக்கு ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வளர்ப்பாளர் உரிமை கேட்டு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், செடி மற்றவற்றிலிருந்து வேறுபட்டது, ஒரே சீரானது, தலைமுறை மாறினாலும் மாறாதது என்று மூன்றையும் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

மற்ற எல்லாவற்றையும் பெயரில்லாமலே வளர்ப்போம். பெயரின்றி வளர்வதால் எந்தச் செடியும் அழகில் குறைந்துவிடாது. வரும் ஜூனில் நாம் பரிமாறிக்கொள்ளும் விதை உறைகளில் இதை மட்டும் எழுதுவோம்: தாய்ச் செடி எப்படிப்பட்டது என்று முதலில், தந்தைச் செடி எப்படிப்பட்டது என்று அடுத்து, கையால் சேர்த்ததா தேனீ சேர்த்ததா, எந்த ஆண்டு விதை, எத்தனையாவது தலைமுறை. "மஞ்சள் ஒற்றை, வெள்ளை அடுக்கு, கைச்சேர்க்கை, முதல் தலைமுறை" என்று எழுதிய உறை ஒன்று எனக்கு வந்தால், அதன் அடுத்த தலைமுறையை நான் என் தோட்டத்தில் தொடர முடியும். உங்களில் ஒருவர் முதல் தலைமுறையை வளர்த்து, இன்னொருவர் அதிலிருந்து நூறு கன்று எழுப்பி, மற்றொருவர் களிமண்ணில் நட்டுச் சோதித்தால், தனியொருவரின் சிறு தோட்டத்தில் முடியாதது நமக்குள் முடியும். யாரிடம் நல்ல மஞ்சள் ஒற்றை இருக்கிறது, யாரிடம் நேர்த்தியான அடுக்கு இருக்கிறது என்று இந்த மாதமே எனக்கு எழுதுங்கள். ஒருவரின் மகரந்தம் பூக்காலம் முடிவதற்குள் மற்றவருக்குப் போய்ச் சேர ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
உங்களைப் போல் தொட்டிகளுக்கு முன் குனிந்து நிற்கும் ஒரு தோட்டக்காரன்